அத்தை போட்ட மூன்றாவது முடிச்சு

எங்கள் அப்பா மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அழுது வடிந்துகொண்டு எழுதினால் அவருக்கே பிடிக்காது. ஆகவே சிரித்தபடியே எழுதுகிறேன். நடுவில் எங்காவது கண் கலங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா பிறந்தது திருவண்ணாமலையை ஒட்டிய அடி அண்ணாமலையில். சிறு வயதிலேயே தாய் தந்தையை இழந்தவரை வளர்த்து ஆளாக்கியவர் அவருடைய அக்கா, அதாவது எங்கள் அத்தை. கிரிவலப் பாதையில் அப்பா வைத்திருந்த சோடாக் கடைக்கு ஒரு பௌர்ணமியன்று தாகத்தோடு வந்தவர்தான் போலந்து நாட்டவரான எங்கள் அம்மா. இரண்டு வருடம் கழித்து, வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடந்தது. தாலியில் அப்பா முதல் முடிச்சுப் போட, நாத்தனார் முறைக்கு மற்ற இரண்டையும் அத்தை போட்டார்.

அம்மாவின் விசா முடியும் நாள் நெருங்கியது. மனைவி என்று அரசாங்கச் சான்றிதழ் இருந்தால்தான் இங்கேயே தங்க முடியும். இந்து திருமணச் சட்டத்தில் பதிய இருவருமே இந்துவாக இருக்க வேண்டும், அம்மாவோ கிறிஸ்தவர். மதம் மாறிவிட்டால் சுலபம் என்றார்கள் சிலர். "அவ சாமிய அவ கும்பிடட்டும்ங்க" என்று அப்பா மறுத்துவிட்டார். எந்த மதத்தாருக்கும் பொதுவான சிறப்புத் திருமணச் சட்டத்தில், புதிதாகக் கல்யாணம் செய்துகொள்வதாக மனுக் கொடுத்தார். ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம் என்று பதிவு அலுவலகப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள்.

ஆட்சேபணை வந்தது. கொடுத்தவர் அத்தை!

"இவனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சிங்க" என்றாராம் அதிகாரியிடம்.

அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பொண்ணு யாரும்மா?"

"இதே பொண்ணுதாங்க. மூணாவது முடிச்சி நான்தான் போட்டேன். மறுபடியும் கல்யாணம்னா, அப்ப நான் போட்டது என்னா?"

போச்சு, அம்மா பெட்டி கட்ட வேண்டியதுதான் என்று அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அதிகாரியோ சிரித்துவிட்டார்.

"அவங்க சொல்றது சரிதாங்க. நடந்து முடிஞ்ச கல்யாணத்தையே இந்தச் சட்டத்துல பதியலாம். மனுவ மாத்திக் குடுங்க. இவங்களையே சாட்சியா போடுங்க."

அப்படியே பதிவானது. சாட்சிகளில் முதல் கையெழுத்து அத்தையுடையது. அன்றிலிருந்து அத்தை எப்போது வந்தாலும் "வாங்க ஆட்சேபணை" என்றுதான் அப்பா வரவேற்பார். கடைசி நாட்களில், பேச்சு குழறியபோதும் அந்தக் கேலியை அவர் விடவில்லை.

காரியத்தன்று, தாலியைக் கழற்ற வேண்டுமென்று உறவினர் சிலர் அம்மாவை அழைத்தார்கள். அம்மா தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அத்தை எழுந்து வந்தார்.

"மூணாவது முடிச்சி நான் போட்டது. யாரும் கை வைக்காதீங்க."

நோயில் துணை நின்ற மருத்துவர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஆட்டோ நண்பர்களுக்கும், தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்று இலை போட்டுப் பரிமாறும் அம்மாவின் கழுத்தில் தாலி இருக்கிறது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் அத்தையிடம் தெரிவிக்கலாம்.

— மகள்