இல்லாத தங்கச்சி சொன்ன சாட்சி

தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் தராசக்கா உடனே எடுக்கமாட்டாள். முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வாள். பிறகு தலையைச் சற்றே சாய்த்து, குரலை ஒரு படி மேலே ஏற்றி, பாதி மூக்காலும் பாதி வாயாலுமாக "அலோ, யாரு?" என்பாள். அது அவள் குரல் அல்ல, அவள் தங்கச்சியின் குரல். அவளுக்குத் தங்கச்சி கிடையாது. வீட்டுக்கு ஒரே பிள்ளையாகப் பிறந்து வளர்ந்தவள் அவள்.

பல வருடங்களாக இப்படித்தான் நடக்கிறது. வீட்டில் யாருக்கும் இது விசித்திரமாகத் தெரிவதில்லை. போன் அடித்து, அவள் திரையைப் பார்த்து முகம் சுளித்தால், கணவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே, "தங்கச்சியைக் கூப்பிடு" என்பார்.

தங்கச்சி எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வாள். அக்கா இங்கே இல்லை. வேலைக்கென்று வெளியூர் போனவள் திரும்பவில்லை. விலாசம் தெரியாது. போனைக்கூட விட்டுவிட்டுப் போய்விட்டாள். "எங்களையே ஏமாத்திட்டுப் போயிட்டா சார், உங்களை விடுவாளா?" இந்தக் கடைசி வரி ஆரம்பத்தில் இல்லை. ஒருமுறை வசூல்காரர் ஒருவர் விடாமல் நச்சரித்தபோது தானாக வாயில் வந்தது. அவர் உடனே போனை வைத்துவிட்டார். அதன் பிறகு அந்த வரி நிரந்தரமாகிவிட்டது. மாதம் தவறாமல் கூப்பிடும் மெல்லிய குரல்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஒருநாள், "தைரியமா இரும்மா. அக்கா பண்ணதுக்கு நீ என்ன பண்ணுவ" என்று தங்கச்சிக்கு ஆறுதல் சொன்னார். போனை வைத்தபின் தராசக்காவுக்கே தங்கச்சியை நினைத்தால் பாவமாக இருந்தது.

எண்ணை மாற்றிவிடலாம் என்று மாடியில் குடியிருக்கும் நாத்தனார் எத்தனையோ முறை சொன்னாள். மாற்றினால் கடையில், கேஸ் கொண்டுவருபவனிடம், மகளின் பள்ளியில் என்று எல்லா இடத்திலும் சொல்லியாக வேண்டும். ஒரு தங்கச்சியை வைத்துக்கொள்வது அதைவிடச் சுலபமாக இருந்தது.

இத்தனைக்கும் காரணம் நாற்காலிகள். விசேஷ வீடுகளுக்கு பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு விட்டால் போட்ட முதல் ஒரே வருடத்தில் கைக்கு வந்துவிடும் என்று கணவருக்கு யாரோ சொன்னார்கள். யார் சொன்னது என்று இன்றுவரை அவர் சொல்லவில்லை. அவரிடம் சம்பளச் சீட்டு கிடையாது, அவளிடம் இருந்தது. பெரிய பலசரக்குக் கடையின் காய்கறிப் பிரிவில் தராசு முன் நின்று, எடை போட்டு, விலைச்சீட்டு ஒட்டுகிற வேலை. அதனால் ஃபைனான்ஸ் கம்பெனியில் கடன் அவள் பெயரில் எடுக்கப்பட்டது. இருநூறு நாற்காலிகள் வந்து இறங்கின. தெருவில் அவருக்குச் சேர்மன் என்று பெயர் வந்தது.

சேர்மனுக்குக் கை தாராளம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு வாடகை கேட்கக் கூச்சம், நாற்காலியைத் திரும்ப வாங்கவும் கூச்சம். தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போனால் உட்காரச் சொல்லிக் கொடுக்கும் நாற்காலி நம்முடையதாகவே இருக்கும் என்று நாத்தனார் சொல்வாள். எட்டுத் தவணை கட்டினார்கள். ஒன்பதாவது மாதம் மகளுக்குக் காய்ச்சல், பத்தாவது மாதம் வீடு மாற்றம். அதற்குப் பிறகு தங்கச்சிதான் கட்டினாள், வார்த்தையால்.

இந்த நிலையில்தான் கடையில் பணம் எண்ணும் அறையில் ஓர் இடம் காலியானது. எல்லாக் கல்லாப்பெட்டிகளும் மாலையில் அந்த அறைக்கு வரும். உட்கார்ந்து பார்க்கும் வேலை, குளிரூட்டிய அறை. சம்பளம் தராசடிச் சம்பளத்தைப்போல ஒன்றரை மடங்கு. அங்கே இருந்த அம்மா மகன் வீட்டோடு போய்விட்டார். பிரிவு மேலாளர் தராசக்காவின் பெயரைச் சொன்னார்.

அந்த ராத்திரியே அவள் மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டாள். அந்தச் சம்பளம் வந்தால் தவணை கட்டலாம். தவணை கட்டினால் போன் வராது. போன் வரவில்லையென்றால் மனுஷி மாதிரி இருக்கலாம். அவள் விரும்பியது அவ்வளவுதான்.

ஆபீஸ் மேடம் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். ஆள் எடுப்பது, நீக்குவது எல்லாம் அவர் கையில். வயதில் தராசக்காவைவிடச் சின்னவர், கண்ணாடியைத் தலைமேல் தூக்கி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் தேடுகிறவர்.

"பணம் புழங்குற இடம் பாருங்க, அதனால வெளியில ஒரு கம்பெனி உங்களைப் பத்தி விசாரிப்பாங்க. வீடு, குடும்பம், போலீஸ் கேஸ், கடன் எல்லாம். வீட்டுக்கே ஆள் வருவாங்க. கடன் ஏதாவது இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு மேடம்."

"கொஞ்சம்னா பரவாயில்ல. யாருக்குத்தான் இல்ல?"

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று மேடம் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. உடன்பிறந்தவர்கள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினாள். அது உண்மைதானே.

வீட்டில் சொன்னபோது சேர்மனுக்கு ஒரே குஷி. நாத்தனார்தான் மாடிப்படியில் பாதியில் நின்றுகொண்டு, "ஏண்டி, பணம் எண்ணுற இடத்துல கொண்டுபோய் கடன்காரியை உட்கார வைப்பாங்களா?" என்றாள்.

"அதுக்குத்தான் அண்ணி விசாரிக்கிறாங்களாம்."

"விசாரிச்சா தெரிஞ்சிடுமே."

"கட்டத்தான் அண்ணி அந்த வேலையே."

"அதை அவங்ககிட்ட யாரு சொல்றது? உன் தங்கச்சியா?" என்று கேட்டுவிட்டு நாத்தனார் மேலே போய்விட்டாள்.

வீட்டுக்கு ஆள் வரும் என்பதை மட்டும் தராசக்கா மனசில் இறுகப் பிடித்துக்கொண்டாள். தரையைத் துடைத்தாள். கூடத்தில் கூரை வரை அடுக்கியிருந்த நாற்காலிகள்மேல் படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தினாள். அது அலமாரி போலத் தெரிந்தது. வருகிறவருக்கு உட்கார நாற்காலி வேண்டுமே என்று அதிலிருந்து ஒன்றை உருவினாள். நல்ல டம்ளர்களை எடுத்து வைத்தாள். வார விடுமுறை நாளன்று காலையிலிருந்து வாசலிலேயே ஒரு கண்ணாக இருந்தாள்.

ஆள் வரவில்லை. மத்தியானம் போன் வந்தது. தெரியாத எண். கை ஈரமாக இருந்தது. தொண்டையைச் செருமினாள், தலையைச் சாய்த்தாள்.

"அலோ, யாரு?"

ஒரு பெண் குரல், பதமான குரல். அக்காவின் பெயரைச் சொல்லி, "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டது.

'அடடே, இப்ப பொம்பளைங்களை விட்டுப் பேச வைக்கிறாங்க போல' என்று தராசக்கா நினைத்தாள். அதனால் வழக்கத்தைவிடத் தாராளமாகவே பேசினாள்.

"அவ இங்க இல்லீங்க. போயி வருஷக்கணக்காகுது."

"அப்படியா? இந்த விலாசத்துல இல்லையா?"

"இல்லவே இல்ல."

"நீங்க யாருங்க?"

"தங்கச்சி."

அந்தப் பக்கம் பேனா ஓடியது. தாளில் எதையோ தேடும் சத்தம். "அவங்க கடன் ஏதாவது வாங்கியிருக்காங்களா, உங்களுக்குத் தெரியுமா?"

"ஊர் பூரா வாங்கியிருக்கா. எங்களையே ஏமாத்திட்டுப் போயிட்டாம்மா, உங்களை விடுவாளா? அவளை நம்பி யாரும் ஒரு பைசா கையில கொடுத்துடாதீங்க."

"ரொம்ப நன்றிங்க" என்றது அந்தக் குரல். உண்மையிலேயே நன்றி சொல்வதுபோல இருந்தது.

"இன்னைக்கு நல்லா பேசினா தங்கச்சி" என்றார் சேர்மன். தராசக்கா கையைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசலைப் பார்க்கப் போனாள்.

அந்த வாரக் கடைசியில் மேடம் கூப்பிட்டனுப்பினார். முன்னால் ஒரு தாள் இருந்தது. கண்ணாடி இப்போது மூக்கின்மேல் இருந்தது.

"இதுல என்னென்னமோ எழுதியிருக்காங்க. நீங்க அந்த வீட்டுலயே இல்லையாம். பல வருஷமா தலைமறைவாம்."

"நான் தினமும் வேலைக்கு வர்றேனே மேடம்."

"அது எனக்குத் தெரியுது. ஃபைனான்ஸ் கடன் கட்டாம நிக்குதுன்னும் போட்டிருக்காங்க. அது கம்ப்யூட்டர்லயே வந்துடுச்சு. அப்புறம், குடும்பத்தையே ஏமாத்தினவங்க, இவங்க கையில பணம் கொடுக்கவே கூடாதுன்னு உங்க சொந்தத் தங்கச்சியே சொல்லியிருக்காங்க." தாளைக் கீழே வைத்தார். "நீங்க கூடப்பிறந்தவங்க இல்லன்னு எழுதியிருக்கீங்க. யாரு இந்தத் தங்கச்சி?"

அன்று மத்தியானம் வந்தது வசூல் போன் அல்ல என்று தராசக்காவுக்கு இப்போது புரிந்தது. பதமான குரல், தாள் சத்தம், நன்றி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

தப்பிக்க ஒரு வழி கண்ணெதிரே திறந்துதான் கிடந்தது. சித்தி மகள் என்று சொல்லிவிடலாம். சித்தி மகளும் தங்கச்சிதான், ஆனால் உடன்பிறப்பு இல்லை. படிவமும் பொய்யாகாது. எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை, சொத்துத் தகராறு, பொறாமை. இந்த மேடமுக்கும் அப்படி ஒரு சொந்தம் இருக்கத்தான் செய்யும், நம்பிவிடுவார். "அது வந்து மேடம், எங்க சித்தி..." என்று ஆரம்பித்தும்விட்டாள். அப்போதுதான் தோன்றியது, நாளைக்கு அந்தச் சித்தி மகளையும் விசாரிக்க இவர்கள் கூப்பிடுவார்கள். அவளும் இதே போனில்தான் பேசியாக வேண்டும். இந்தக் குரலுக்கு இன்னும் எத்தனை வருடம் சோறு போடுவது?

"சித்தி?" என்றார் மேடம்.

"சித்தி எல்லாம் இல்ல மேடம். அது நான்தான்."

"எது?"

"தங்கச்சி."

மேடமுக்குப் புரியவில்லை. எப்படிச் சொன்னாலும் புரியவில்லை. கடைசியில் தராசக்கா தலையைச் சாய்த்து, குரலை ஏற்றி, "அலோ, யாரு? அவ இங்க இல்லீங்க" என்றாள். வீட்டுக்கு வெளியே, எதிரில் ஒரு மனுஷி பார்த்துக்கொண்டிருக்க, அந்தக் குரலில் பேசியது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் சூடாகிவிட்டது.

மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். உட்கார்ந்தார். சிரிப்பை அடக்குகிறாரா, கோபத்தை அடக்குகிறாரா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நன்றாக அடக்கினார்.

"கடன் இருக்கிறது ஒரு தப்பில்ல. எனக்கே வீட்டுக் கடன் இருக்கு. கட்டாம விட்டீங்க பாருங்க, அதுதான். நாளைக்கு அந்த ரூம்ல ஒரு கட்டு குறைஞ்சா முதல்ல உங்களைத்தான் பார்ப்பாங்க. எடுத்தீங்களோ இல்லையோ, உங்களைத்தான்."

"அந்தச் சம்பளம் வந்தா கட்டிடுவேன் மேடம்."

"கட்டினாத்தான் அந்தச் சம்பளம்."

மேடம் தாளை மடித்து ஓரமாக வைத்தார். பிறகு விளக்கினார். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு நேரில் போய்ப் பேசித் தவணையை மாற்றி வாங்க வேண்டும், ஆறு மாதம் பிசகாமல் கட்டிவிட்டு அதற்கு அத்தாட்சி கொண்டுவர வேண்டும். அதன் பிறகு மறுபடி விண்ணப்பிக்கலாம்.

"அதுவரைக்கும் இந்த இடம் காலியா இருக்குமா மேடம்?"

"இருக்காது" என்றார் மேடம். சுற்றிவளைக்காமல் சொன்னதற்காகத் தராசக்காவுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

மறு வாரம் அரை நாள் லீவு போட்டு ஃபைனான்ஸ் ஆபீசுக்குப் போனாள். சேர்மனும் வருகிறேன் என்றார். வேண்டாம் என்றாள். இத்தனை வருடம் பயந்த இடம், மருந்துக் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. கூட்டம் இல்லை. ஓரத்து மேசையில் ஒல்லியான ஆள் ஒருவர் டிபன் டப்பாவை மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லுங்கம்மா" என்றார். அதே மெல்லிய குரல்.

அவள் பெயரையும் கடன் எண்ணையும் சொன்னாள். அவர் கம்ப்யூட்டரைத் தட்டவில்லை. அவளையே பார்த்தார்.

"வந்துட்டீங்களா? எங்கம்மா போயிருந்தீங்க இத்தனை நாளா? உங்க தங்கச்சி எவ்வளவு கஷ்டப்பட்டுச்சு தெரியுமா?"

"சார்..."

"பாவம்மா அந்தப் பொண்ணு. நீங்க பண்ணிட்டுப் போனதுக்கெல்லாம் அது பதில் சொல்லிக்கிட்டு."

பத்து நாளுக்குள் இரண்டாவது தடவையாகச் சொல்ல வேண்டியிருந்தது. இந்தமுறை குரல் மாற்றிக் காட்டவில்லை, வாயால் மட்டும் சொன்னாள். அவர் நம்ப வெகுநேரம் பிடித்தது. நம்பியதும் முகம் விழுந்துவிட்டது. ஏமாற்றப்பட்டவரின் கோபம் அதில் இல்லை. தெரிந்தவர் ஒருவர் இறந்துபோன செய்தி கேட்டவர் போல இருந்தார்.

"அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான் உங்க கேஸை நான் மேல அனுப்பாம வெச்சிருந்தேன்" என்றார்.

அதன் பிறகு வேலை சுருக்காக முடிந்தது. அபராத வட்டியில் பாதியைத் தள்ள மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டார். மீதிக் கடனைச் சின்னத் தவணையாகப் பிரித்தார். ஆனால் முதலில் ஒரு தொகை மொத்தமாக வேண்டும் என்றார். அதற்காக நாற்காலிகளை விற்றார்கள். வாங்கியவன் இரண்டு நடையில் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சேர்மன் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார், கால் உடைந்ததை மட்டும் தனியாக வைத்துக்கொண்டார். கூடம் பெரிதாகிவிட்டது. பேசினால் எதிரொலித்தது.

நாத்தனார் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "இனிமே நான் எங்க உட்காருவேன்?" என்றாள். கொஞ்ச நேரம் நின்று, தரையில் உட்கார்ந்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து முதல் தவணைக்குக் கொஞ்சம் பணம் கொடுத்தாள். திருப்பித் தர வேண்டும் என்று இரண்டு முறை சொன்னாள்.

பணம் எண்ணும் அறைக்கு அடுத்த மாதமே வேறொரு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண்தான், தராசக்காவைப் பார்த்தால் சிரிப்பாள். ஆறு தவணையும் கட்டி முடித்து, அத்தாட்சியை மேடமிடம் கொடுத்தாயிற்று. பழைய பாக்கியின் அடையாளம் கம்ப்யூட்டரில் இன்னும் சில வருடம் இருக்கும், அதைத் தங்களால் அழிக்க முடியாது என்று ஃபைனான்ஸ்காரர் சொல்லிவிட்டார். அடுத்த இடம் காலியானால் பார்க்கலாம் என்கிறார் மேடம். இதுவரை எந்த இடமும் காலியாகவில்லை. சேர்மன் இப்போது ஒருவரிடம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறார். தராசக்கா காய்கறிப் பிரிவில் அதே தராசடியில்தான் நிற்கிறாள். வார விடுமுறையிலும் பாதி நாள் வேலைக்குப் போகிறாள். பதினெட்டுத் தவணை பாக்கி இருக்கிறது.