பிரேமாவின் மேசைக்கு வந்த எஸ்.எஸ்.டி.

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் பிரேமாவின் வேலை. தென்காசிப் பக்கமிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவள் பிறந்ததும் படித்ததும் திருவனந்தபுரத்தில். கழக்கூட்டத்தில் ஒரு சின்ன நிறுவனம். மருந்துக்கடைகளுக்கு அவர்கள் செய்யும் பில் மென்பொருள் பழைய விண்டோஸிலும் ஓட வேண்டும், புதியதிலும் ஓட வேண்டும். அதற்காக மேசை நிறையக் கணினிகளை அடுக்க முடியுமா? ஒரே கணினிக்குள் நான்கு மெய்நிகர் கணினிகளை வைத்திருந்தாள். அலுவலகத்தில் அவற்றை வி.எம். என்பார்கள். ஒவ்வொன்றும் தனிக் கணினி போலவே திறக்கும், மூடும். சோதனையில் கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம்.

திறந்தால்தானே. நான்கும் ஒரே பழைய ஹார்ட் டிஸ்கில் கிடந்தன. ஒன்றைத் தட்டினால் மற்ற மூன்றும் உறைந்துவிடும், டிஸ்க் உள்ளே கரகரவென்று அரைக்கும். பிரேமா புகார் சொல்வாள். கணினிகளைப் பராமரிக்கும் ஆன்சன் வந்து பார்ப்பான். பாறசாலைக்காரன், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேச்சு. வி.எம். திறக்கும்வரை பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். அவன் சர்ச் கொயரில் பாடுவது, அவள் ஸ்கூட்டர் பழகப்போய் மீன்கடைக்குள் புகுந்தது எல்லாம் அந்த இடைவேளைகளில்தான் பேசப்பட்டன.

ஓண விடுமுறை முடிந்த வாரம், மேலாளரை நச்சரித்து வாங்கிய எஸ்.எஸ்.டி. என்ற புது வகை டிஸ்கோடு ஆன்சன் வந்தான். சுழலும் தட்டு அதில் கிடையாது. நான்கு வி.எம்.களையும் அதற்கு மாற்றினான். பிரேமா நான்கையும் ஒன்றாகத் தட்டினாள். அவன் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் எல்லாம் திறந்து நின்றன.

“இனி ஒரு பிரஸ்னமும் வராது, கேட்டோ,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வேலை பறந்தது. அணித்தலைவர்கூடப் பாராட்டினார். ஆனால் பக்கத்து நாற்காலியில் இப்போது அவளுடைய கைப்பை உட்கார்ந்திருந்தது. ஆன்சன் வந்து நிற்க ஒரு காரணமும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம், வி.எம். மெதுவாக இருக்கிறது என்று ஒரு புகாரைத் தட்டிவிட்டாள்.

வந்தவன் எல்லாவற்றையும் மூடித் திறந்து பார்த்தான்.

“நல்ல ஸ்பீடாத்தானே இருக்கு? எனக்கு ஒண்ணும் மனசிலாகல்ல.”

“அதுக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள் பிரேமா, திரையைப் பார்த்தபடியே. “உங்களக் கூப்பிட வேற வழி தெரியல.”

ஆன்சனின் காதுகள் சிவந்தன. இந்த வாரம் முழுக்க உங்கள் மெஷின் ஏதாவது மக்கர் பண்ணாதா என்று நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று முணுமுணுத்தான். ஞாயிற்றுக்கிழமை இருவருமாகக் கல்லாற்றங்கரைக்குப் போவதென்று அங்கேயே முடிவாயிற்று.

கல்யாணப் பேச்சு எடுத்தபோது இரண்டு வீட்டிலும் லேசில் சம்மதம் வரவில்லை. பையனின் அம்மா பொன்னம்மை, சர்ச்சில்தான் கல்யாணம் என்றார். பிரேமாவின் அப்பா லிங்கமோ, கோவிலில்தான் என்றார். கடைசியில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, விருந்து மட்டும் சேர்ந்து என்று முடித்தார்கள். சாலைக் கடைவீதி ஹோட்டலில் பரோட்டா மாஸ்டரான லிங்கம் அன்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே கல்லுக்கு முன்னால் நின்றார். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத சம்பந்தியம்மா, இன்னொரு பரோட்டாவுக்குத் தட்டை நீட்டியபோது, மனுஷனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.