நிலாவுக்குப் போனவர்கள் எடுத்த படம், சட்டம் போட்டது நான்

படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு வருகிற யாரும் வந்த வேலையை மட்டும் பார்த்துவிட்டுப் போவதில்லை. சுவரில் மாட்டியிருக்கும் அத்தனைக்கும் விளக்கம் கேட்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் தெரிந்திருக்கும். நானோ அதை விலைக்கு வாங்கினேன். அந்தக் காலத்தில் விண்வெளிக்கும் நிலாவுக்கும் போனவர்கள் எடுத்த படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மழை நாளில் சிலவற்றை அச்செடுத்து, திருவொற்றியூர் கடைச் சுவரில் மாட்டிவிட்டேன். அன்றிலிருந்து என் வாய்க்கு ஓய்வில்லை.

எது மேல், எது கீழ்?

பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்குப் புதுக் கடைக்கு ஒரு படம் வேண்டியிருந்தது. நிலாவுக்குப் போகும் வழியில் எடுத்த முழு பூமிப் படத்தைக் காட்டினேன். நீலமும் வெள்ளையுமாக அழகாக இருக்கும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "எடுத்தப்போ தென்துருவம்தான் மேல இருந்துச்சு அண்ணாச்சி. நாமதான் பழக்கத்துக்காகத் திருப்பி வச்சிக்கிட்டோம்" என்றேன்.

கொக்கி அடித்து, மாட்டத் தயாராக இருந்த படம் அது. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்:

"அப்பம் கொக்கியப் பிடுங்கி அந்தப் பக்கம் அடிம்மா. தெக்கத்திக்காரன் கடையில தெக்குதான் மேல இருக்கணும்."

கயிறு

எர்ணாவூர் செல்வி, பிள்ளையின் பள்ளி அட்டையை லேமினேஷன் செய்ய வந்தவள். அவள் கணவன் உயரமான புகைபோக்கிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். விழாமலிருக்கக் கயிறு வைத்த இடுப்பு பெல்ட் கொடுத்திருந்தார்கள். மாட்டினால் கை ஓடாது என்று கீழேயே வைத்துவிட்டு ஏறுவானாம். அவன் வீடு திரும்பும்வரை அவளுக்குச் சோறு இறங்காது.

சுவரில் ஒருவர் விண்கலத்துக்கு வெளியே மிதக்கும் படம் இருந்தது. உள்ளே இருந்த கூட்டாளி எடுத்தது. கீழே பூமி, இடுப்பிலிருந்து வளைந்து வளைந்து ஒரு கயிறு. செல்வி அதையே பார்த்தாள். சின்ன அளவில் ஒன்று சட்டம் போடச் சொல்லி, வீட்டில் பெல்ட் தொங்கும் ஆணிக்கு மேலேயே மாட்டினாள். "ஆகாசத்துல நடக்கறவனே கயிறு கட்டிகினு கீறான், உனுக்கு இன்னா?" என்று தினமும் கேட்டாளாம்.

தொல்லை தாங்காமல் அவன் கட்ட ஆரம்பித்தான். மழைக்காலம் முடிந்த சமயம், பலகையில் கால் வழுக்கி அந்தரத்தில் தொங்கியிருக்கிறான். பெல்ட் பிடித்துக்கொண்டது. விலாவில் வலியோடு முடிந்தது. நடமாட முடிந்ததும் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இருவரும் வந்தார்கள். எனக்குத்தான் என்று கை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய்ச் சுவரின் முன்னால் நின்றான்.

"இரு யக்கா, மொதல்ல அண்ணாத்தேக்கு ஒரு கும்புடு போட்டுக்கறேன்."

நிலாவில் ஒரு குடும்பப் படம்

நிலாவில் இறங்கிய ஒருவர், தானும் மனைவியும் இரண்டு மகன்களும் இருக்கும் படத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அங்கேயே மண்மீது வைத்துவிட்டு, அதையும் ஒரு படம் எடுத்தார். புளியந்தோப்பு ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"அம்மாந்தூரம் போன மனுசன், ஒரு லேமினேசன் பண்ணிகினு போயிருக்கக்கூடாதா?"

மூலையில் ஒரு வெள்ளைச் சுழி

ராயபுரத்தில் மீன் விற்கும் கஸ்தூரியம்மா, பேரனின் படத்துக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். பூமிப் படத்தின் மேல்மூலையில் ஒரு வெள்ளைச் சுழி இருக்கும். எழுபத்திரண்டில் நம் கரையைப் புரட்டிய புயல் அது. கரையைக் கடந்த இரண்டு நாளில், சுழி கலைவதற்குள் எடுத்த படம். எல்லோருக்கும் சொல்வதுபோல் அவருக்கும் சொன்னேன்.

கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தப் புயலில்தான் அவர் அப்பா கட்டுமரத்தோடு போனவர் திரும்பவில்லை. கஸ்தூரியம்மா அப்போது அம்மாவின் வயிற்றில். அப்பாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. அமாவாசைக்கு அக்கம்பக்கத்தில் படத்துக்கு மாலை போடுவார்கள். இவர்கள் வெறும் சுவரின் முன் விளக்கேற்றுவார்கள்.

"அந்த மூலைய மட்டும் பெர்சா போட முடியுமாம்மா?" என்று கேட்டார். போட்டுக் கொடுத்தேன். பெரியவர்கள் படத்துக்குப் போடும் அதே தேக்குச் சட்டம். எங்கே பொட்டு வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் தயங்கவே இல்லை. சுழியின் ஓரத்தில், கடல் நீலமாகத் தெரிந்த இடத்தில் விரலை வைத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"அந்தக் கடல்ல எங்க நைனா தனியா பூட்டாருன்னு இத்தினி வருசமா அழுதுகினு இருந்தேன். மேலேர்ந்து யாரோ பாத்துகினுதான்மா இருந்துகிறாங்க."

படம் எடுத்தவர்கள் யாரும் திருவொற்றியூர்ப் பக்கம் வரப்போவதில்லை என்பதால், அவர்களுக்குச் சேரவேண்டிய நன்றியை எல்லாம் கொஞ்சமும் கூச்சமில்லாமல் நானே வாங்கிக்கொண்டிருக்கிறேன்.