இடுப்பில் கட்டிய டியூப்

வலது அடிவயிற்றில், தொடை தொடங்கும் இடத்தில், எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு வீக்கம் வந்தது. இருமினால் துருத்தும், படுத்தால் உள்ளே போய்விடும். மலேசியாவில் ஜாசின் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலைகளைக் கம்பியால் குத்தி லோரியில் எறிவது என் வேலை. குலை தூக்குகிறவர்களுக்கு இந்த வீக்கம் புதிதல்ல. பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொள்வோம். அந்த இடத்தை யாரிடம் காட்டுவது? இரண்டு வருடம் நானும் கட்டினேன். வலி கூடிய பிறகுதான் ஆஸ்பத்திரியில் போய்க் காட்டினேன்.

குடலிறக்கம் (வயிற்றுச் சுவர் பலவீனப்பட்ட இடத்தில் குடல் பிதுங்குவது) என்றார் டாக்டர். வெட்டித் திறந்து, குடலை உள்ளே தள்ளி, ஓட்டையின் மேல் வலை (செயற்கை நூலில் பின்னிய துண்டு) வைத்துத் தைக்கலாம். அல்லது மூன்று சிறு துளைகள் போட்டு, கேமராவில் பார்த்து, அதே வலையை உள்ளிருந்து வைக்கலாம். எதுவானாலும் சில வாரங்கள் கனம் தூக்கக்கூடாது என்றார். அத்தோடு எழுந்து வந்துவிட்டேன். தூக்காதவனுக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

ஒரு காலை குலையை எறிந்தபோது வீக்கம் கல்லாக இறுகி நின்றது. வாந்தி எடுத்தேன். மண்ணில் மல்லாந்துகொண்டு, கூட வேலை செய்யும் முனியாண்டியைப் பார்த்துக் கத்தினேன்.

“முட்டியால அழுத்துடா!”

“வேணாம்ணே, ஆஸ்பத்திரிக்குப் போவோம் லா.”

“அழுத்துடா நாயே!”

அவன் அழுதுகொண்டே முழு பலத்தோடு அழுத்தினான். நான் அவன் கையைக் கடித்தேன். வாயெல்லாம் அவன் ரத்தம். வீக்கம் அசையவில்லை. குலைகளோடு குலையாக என்னை லோரியில் போட்டுக்கொண்டு போனார்கள்.

“குடல் நெரிஞ்சு, ரத்தம் ஓடாம கறுத்துப்போச்சு. ஒரு சாண் வெட்டி எடுத்துட்டோம். அழுகின எடத்துல வலை வெச்சா சீழ் பிடிக்கும். தையல் மட்டும்தான் போட்டிருக்கோம்,” என்றார் டாக்டர், ஆபரேஷன் முடிந்து நான் கண் விழித்ததும். “அழுத்தினது பெரிய தப்பு, ஐயா.”

என் மனைவி சரசு அந்த டியூப்பை என் முகத்தில் விட்டெறிந்தாள். “சாகப் போறேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, பாவி!” என்று தோளில் குத்தினாள். தாதி ஓடி வந்து பிடித்தார்.

இதைப் படிக்கிறவர்களே, வீக்கம் இறுகி, வலித்து, உள்ளே போகவில்லையா? அழுத்தாதீர்கள். அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இப்போதெல்லாம் இருமல் வருவதற்கு முன்பே என் உள்ளங்கை தையலைத் தாங்கப் போய்விடுகிறது. நான் வீட்டுக்கு வந்த பிறகு முனியாண்டி பார்க்க வந்தான். கையில் என் பல் தடம். பேசும்போதே இருமினான், அவன் கையும் அதே இடத்துக்குப் போனது.

எனக்கு வெறி வந்துவிட்டது. சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். உள்ளே டியூப்.

“விடுங்கண்ணே! வேலைக்குப் போகலன்னா யாரு சோறு போடுவா?”

“நான் போடறேன்டா தம்பி, அவுத்துடு,” என்று சமையல் கத்தியோடு வந்தாள் சரசு. ஒரே இழுப்பில் டியூப் அறுந்து விழுந்தது.

“படு. உள்ள போவுதா பாரு,” என்றேன்.

படுத்தான். மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். வீக்கம் மெல்ல உள்ளே இறங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போய் வலை வைத்துக்கொள்ள அவனுக்கு இன்னும் நேரம் இருந்தது.