ஜன்னல் சீட்டுக்குப் பின்சீட்டு

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பாப்பிரெட்டிப்பட்டி–பொம்மிடி மினிபஸ்ஸில் கண்டக்டராக ஏறிய முதல் நாள் முதலாளி சொன்னது ஒன்றுதான்: "லேடீஸ் கம்ப்ளெயின்ட் வந்துச்சு, அன்னிக்கே பைய கழட்டிக் குடுத்துட்டுப் போயிடு." அந்தப் பயத்திலேயே வேலை பார்த்தேன். படிக்கட்டை இரண்டு முறை எட்டிப் பார்க்காமல் விசில் ஊத மாட்டேன்.

ஒரு காலை டிரிப்பில் ஜன்னலோரம் இருந்த வயதான அம்மா கூப்பிட்டார்.

"ஏங்க கண்டக்டரு, யாரோ ஒரு ஆளு பக்கத்துல உக்காந்துக்கினு கையப் புடிக்கறான். எந்திரிக்கச் சொல்லுங்க."

பக்கத்தில் இருந்தவரும் வயதானவர்தான். "பெரியவரே, பின்னால போங்க" என்றேன்.

"இந்த வயசுல இது கேக்குதா" என்று யாரோ சொல்ல, பஸ்ஸே சிரித்தது. பெரியவர் எழுந்து பின்சீட்டுக்குப் போனார். பொம்மிடியில் இறங்கும்போது என் காதருகே சொன்னார்: "எஞ்சம்சாரந்தாங்க. மறதி நோவு. வூட்ல இருந்தா வெளிய ஓடறா. பஸ்ஸுல உக்காந்தா அமைதியாயிடறா. அதான் தினம் போய் வர்றோம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"அத்தினி பேரு முன்னால அவளப் பைத்தியமாட்டம் எப்பிடிங்க காட்டறது?"

தெரிந்த பிறகாவது பக்கத்தில் உட்கார விட்டிருக்க வேண்டும். அந்த அம்மா மறுபடி சத்தம் போட்டால் முதலாளி காதுக்குப் போகுமே. "பின்சீட்லயே இருங்க" என்றேன். "சரிங்க" என்றார். தினமும் அங்கிருந்து அந்த அம்மாவின் கொண்டையைப் பார்த்தபடி வருவார்.

ஒரு சந்தை நாள். நின்றிருந்த கூட்டம் அவர் கண்ணை மறைத்துவிட்டது. நடுவில் ஒரு ஸ்டாப்பில் அந்த அம்மா இறங்கியிருக்கிறார். நான் இரண்டு முறை படிக்கட்டைப் பார்த்தேன், யாராவது தொங்குகிறார்களா என்று மட்டும். விசில் ஊதினேன்.

மறுநாள் மாலை ஒரு கரும்புத் தோட்டத்து வாய்க்காலில், கால் முறிந்து கிடந்த அந்த அம்மாவைக் கண்டுபிடித்தார்கள்.  

போன மாதம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா ஜன்னலோரக் கட்டிலில் ஜன்னல் கம்பியைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது. "கண்டக்டரு, வண்டிய எப்ப எடுப்பீங்க?"

பெரியவர் கட்டிலுக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தார்.

"பக்கத்துல உக்காருங்களேன்" என்றேன்.

"வேணாங்க. நீங்க காட்டுன எடந்தான் அவளுக்குப் பழகிப்போச்சு."

இப்போது புதிதாகப் பை மாட்டும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். ஒருத்தரை எழுப்புவதற்கு முன்னால், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் என்ன வேண்டும் என்று மெதுவாகக் கேளுங்கள். தெரிந்த பிறகு பயப்படாதீர்கள். வேலை போய்விடும் என்று நான் பயந்தேன். போகவில்லை. இன்னமும் அதே பஸ்தான்.