ஸ்ட்ரெஸ் என்று டாக்டர் சொன்னது

தருவைகுளத்தில் என்னோடு வேலை பார்த்த டீச்சரின் மகளுக்குக் கல்யாணம். சர்ச்சில் கல்யாணப் பூசை பத்து மணிக்கு. நாங்கள் வீட்டைப் பூட்டும்போதே ஒன்பதே முக்கால் ஆகிவிட்டது. என் கணவர் ஸ்கூட்டரை ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மீன் லோடு வண்டியிலிருந்து ஒழுகிய ஐஸ் தண்ணீர் ஒரு வளைவில் ரோடு முழுக்கப் பரவிக் கிடந்தது. வண்டி வழுக்கிவிட்டது. அவருக்கு முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எனக்கு வலது தொடை எலும்பு முறிந்துவிட்டது.

மறுநாள் ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆனால் அன்று சாயங்காலமே மூச்சு முட்டத் தொடங்கியது. யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. இசிஜி எடுத்த நர்ஸ் பேப்பரைக் கையில் பிடித்தபடி ஓடினாள். ஹார்ட் அட்டாக்காக இருக்கலாம் என்று ஆஞ்சியோ செய்தார்கள். எந்த ரத்தக்குழாயிலும் அடைப்பு இல்லை. எக்கோவில்தான் விஷயம் தெரிந்தது. இதயத்தின் இடது பக்கம், அடிப்பகுதி சுருங்கவே இல்லை. ஊதிய பலூன் மாதிரி அப்படியே நின்றுகொண்டிருந்தது.

இதய டாக்டர் இளவயதுப் பெண். என் கணவரையும், ஸ்ரீவைகுண்டம் பக்கத்து ஊரிலிருந்து வந்திருந்த என் அண்ணனையும் நிறுத்தி வைத்து விளக்கினாள். "இது ஸ்ட்ரெஸ்ல வர்றது. இதயத் தசை தற்காலிகமா சோர்ந்து போச்சு. பெரும்பாலும் தானா சரியாயிரும். ஆனா இப்ப மயக்க மருந்து குடுக்க முடியாது. கால் ஆபரேஷனைத் தள்ளித்தான் போடணும்."

காலில் எடை கட்டித் தொங்கவிட்டார்கள். புரண்டு படுக்க முடியாது. இரண்டு வாய் கஞ்சி குடித்தாலே மூச்சு வாங்கியது. அதற்கு முன் எனக்குத் தெரிந்த களைப்பெல்லாம் தூங்கி எழுந்தால் போய்விடும். இது தூங்கி எழுந்த பிறகும் அப்படியே இருந்தது. பேசுவதற்கு வாயைத் திறப்பதே ஒரு வேலையாக இருந்தது.

இந்த நிலையில்தான் அண்ணன் கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டான்.

"ஏளா, உள்ளதச் சொல்லு. ஸ்ட்ரெஸ்ஸுன்னு டாக்டரம்மா சொல்லுதாவ. அது சும்மா வராது. மாப்ள ஒன்ன என்னமும் சொன்னாரா? வீட்டுல எதும் சண்டையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தைக்கு மேல் பத்துக் கேள்வி வரும், பத்துக்கும் பதில் சொல்லவேண்டும் என்று தோன்றியது. கண்ணை மூடிக்கொண்டேன். அதை அவன் ஆமாம் என்று எடுத்துக்கொண்டான்.

அடுத்த இரண்டு நாளில் சொந்தக்காரர்கள் வந்து போனார்கள். எல்லோர் பேச்சிலும் அதே கேள்வி கிடந்தது. ஒருத்தி என் தலையைத் தடவி, "மனசுக்குள்ள எதையும் வச்சுப் புழுங்காத" என்றாள். சென்னையிலிருக்கும் என் மகன் போனில், "அப்பா கூட எதுவும் பிரச்சனையாம்மா?" என்றான். அப்போதுதான் உறைத்தது, இரண்டு நாளாக அவர் உள்ளே வரவே இல்லை என்று. காபி பிளாஸ்க் மட்டும் நேரத்துக்கு வந்துகொண்டிருந்தது.

அவர் எங்கே என்று பிளாஸ்க்கைக் கொண்டுவந்த ஆயாம்மாவிடம் கேட்டேன்.

"அண்ணாச்சி வெளிய பெஞ்சுலதான் இருக்காவ. காலையில வந்தா விளக்கு வைக்கிற வரைக்கும் அங்கனயே இருக்காவ. உள்ள போங்கன்னா, வேண்டாம், என்னப் பாத்தா அவளுக்குப் படபடப்பு வரும்ங்காவ."

கூப்பிடச் சொன்னேன். வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். சிராய்ப்பில் போட்டிருந்த பிளாஸ்திரியை மாற்றவே இல்லை. ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கப்பல் சரக்கைச் சரிபார்த்த மனிதர், பிளாஸ்திரி ஓரத்தை நிமிண்டிக்கொண்டே சொன்னார்: "நான் கொஞ்சம் மெதுவாப் போயிருக்கலாம்லா. என்னாலதான் ஒன் நெஞ்சு இப்படி ஆயிட்டு."

"இங்கன வாங்க" என்றேன். பக்கத்தில் வந்து குனிந்தார். "வேகமாப் போங்க, பூசை முடிஞ்சிரும்னு ஒங்க முதுகுல தட்டுனது யாரு? நாந்தான. அத நான் யார்ட்டயும் சொல்லல."

அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்க நிறுத்தினேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது அண்ணனும் நின்றிருந்தான். "எங்க அண்ணனுக்கு ஒருதடவ விவரமாச் சொல்லுங்கம்மா. எனக்குக் குடும்பக் கவலைன்னு நெனச்சிட்டு இருக்கான்" என்றேன்.

அவள் திகைத்துப் போனாள். "ஐயையோ, நான் அப்படிச் சொல்லலையே. தொடை எலும்பு முறிஞ்ச வலியும் பயமும் உடம்புக்கு எவ்வளவு பெரிய அடி! அந்த நேரத்துல அட்ரினலின் அளவுக்கு மீறிச் சுரக்கும். அது இதயத் தசையைத் தாக்கியிருக்கு. ஸ்ட்ரெஸ்னு நான் சொன்னது உடம்பு பட்ட பாட்டை. வீட்டுல யாரையும் குத்தம் சொல்றதுக்கு இதுல ஒண்ணும் இல்ல."

அண்ணன் தரையைப் பார்த்தான். வெளியே போனான். கொஞ்ச நேரம் கழித்துக் கதவு வழியாகப் பார்த்தேன். பெஞ்சில் அவனும் அவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மன்னிப்புக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை.

பதினோராம் நாள் எக்கோவில் இதயத்தின் அடிப்பகுதி அசையத் தொடங்கியிருந்தது. அதற்கு மறுநாள் காலில் கம்பி வைத்தார்கள். இரண்டு மாதம் கழித்துத் திரும்பவும் எக்கோ எடுத்தபோது, பழையபடி ஆகிவிட்டது என்று டாக்டர் சிரித்தாள். மறுபடி வராது என்று உறுதி சொல்ல முடியாது, மாத்திரையை நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னாள்.

சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் வாக்கரை ஊன்றி ஆட்டோ வரைக்கும் போவதற்குள் எல்லாம் வடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் படுத்துவிட்டேன். வாசலில் பக்கத்து வீட்டுக்காரி நலம் விசாரிக்க வந்த குரல் கேட்டது.

"நல்லாயிட்டுன்னு சொல்லிட்டாவ" என்றார் அவர். "இப்பதான் படுத்திருக்கா. நாளைக்கு வாங்க."