பொட்டலத்தைத் தூக்கிப் பிடிங்க

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடில்லாதவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பார்கள். நான் அங்கே பரிமாறப் போனதில்லை. ஓரமாக ஒரு மடக்கு மேசையைப் போட்டு, அவர்களுடைய கைப்பேசிகளைச் சரிபார்த்துக் கொடுப்பேன். வார நாட்களில் ஒரு நிறுவனத்தின் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் எனக்கு வேலை. யார் எதைப் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதைக் கவனிப்பதுதான் என் தொழில்.

அந்தச் சந்தில் ஒரு வழக்கம் இருந்தது. முதல் வாரத்திலிருந்தே அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வாரச் சாப்பாட்டையும் ஏதாவது ஒரு குடும்பம் தங்கள் குழந்தையின் பிறந்தநாளுக்காக ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு அவர்களுக்கு ஒரு காணொளி போக வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் பொட்டலத்தைப் பிரிக்காமல் நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்து, குழந்தையின் பெயரைச் சொல்லி வாழ்த்துவார்கள். பிறகுதான் சாப்பாடு. ஏற்பாட்டாளரை எல்லோரும் அண்ணன் என்போம். அவரே படம் பிடிப்பார், தன் கைப்பேசி எண்ணைக் கீழே போட்டு அங்கேயே நின்று சமூக ஊடகத்தில் பதிவேற்றுவார்.

என் மேசைக்கு வந்தவர்களில் ஐம்பதை நெருங்கிய ஒரு பெண் இருந்தார். மேற்கே ஓர் அடுக்குமாடிப் பேட்டையில் கணவனுடன் இருந்தவர். அடி தாங்காமல் வெளியே வந்துவிட்டார். எங்கே போய்ப் படுத்தாலும் அந்த ஆள் வந்து நின்றான் என்றார். கைப்பேசியைத் திறந்து பார்த்ததும் காரணம் தெரிந்தது. அது அவன் கணக்கில் இருந்தது. அவனுடைய சிரித்த முகம் திரையின் மூலையில் சின்ன வட்டமாக இருந்தது.

"அவருக்கு நான் எங்க இருக்கேன்னு தெரியக் கூடாது. அவ்வளவுதான்," என்றார்.

கணக்கை நீக்கினேன். இருப்பிடப் பகிர்வை அணைத்தேன். புதுக் கணக்கு, புதுக் கடவுச்சொல், அவர் பெயரிலேயே புது எண். பெண்கள் தங்குமிடம் ஒன்றில் இடம் கிடைத்ததும் சமூக ஊழியர் அந்த எண்ணுக்குத்தான் கூப்பிடுவார் என்று ஏற்பாடு. சந்தில் அந்த எண் என்னிடம் மட்டுமே இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் துப்பட்டாவை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். அண்ணன் கைப்பேசியை உயர்த்தினார்.

"அக்கா, என்னக்கா கல்யாணப் பொண்ணு மாதிரி. முகத்தைக் காட்டுங்க, பாப்பா பார்க்கட்டும்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். எல்லோருக்கும் பசி. அவர் துப்பட்டாவை விலக்கினார். நான் மேசையிலிருந்து எழுந்து வருவதற்குள் காணொளி போய்விட்டது.

"அதை எடுத்துடுங்க. அவங்க ஒருத்தருக்குப் பயந்து ஒளிஞ்சிருக்காங்க," என்றேன்.

"சாப்பாடு வாங்குறதுல என்னம்மா ஒளிவு மறைவு? திருடியா தின்றாங்க?"

"அட்லீஸ்ட் முகத்தை மறைச்சுப் போடுங்க."

"மறைச்சா யாருக்குக் குடுத்தோம்னு ஸ்பான்சர் கேட்க மாட்டாங்களா? நீ போன் பாரு லா. ஆளுங்களை நான் பார்த்துக்குறேன்."

அந்தக் காணொளி அவருடைய கணவன் வழி உறவுக்காரர்களின் குழுக்களில் சுற்றியது. யாரோ அதன் கீழே "இது நம்ம அண்ணிதானே?" என்று எழுதியிருந்தார்கள். வாரக் கடைசியில் எங்கள் தொண்டர் குழுவுக்கு அண்ணனின் குரல் செய்தி வந்தது. அந்த அக்காவின் கணவர் கூப்பிட்டாராம், அழுதாராம். அண்ணன் அவரை ஞாயிற்றுக்கிழமை காலை சந்துக்கு வரச் சொல்லியிருக்கிறாராம். "ஒரு குடும்பம் ஒண்ணு சேரப் போகுது. அழகா ஷூட் பண்ணணும்."

பகல் நேரத்தில் அந்தப் பெண் டோபி காட் ரயில் நிலையத்தின் கீழ்த்தளத்தில் குளிர்சாதனக் காற்றுக்காக உட்கார்ந்திருப்பார். அங்கே போய்ச் சொன்னேன்.

"எல்லாத்தையும் அடைச்சுட்டேன்னு சொன்னியே," என்றார்.

"உங்க போன்ல இருந்ததை அடைச்சேன். இது அண்ணன் போன்லேருந்து போச்சு."

"அடி வாங்கறவளுக்கு அதுல என்ன வித்தியாசம்?"

இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். அவர் கைப்பேசியை என் பக்கம் தள்ளினார்.

"இந்தச் சனியனை நீயே வெச்சுக்கோ."

"இதை விட்டுட்டா தங்குமிடத்துக்காரங்க எந்த நம்பருக்குக் கூப்பிடுவாங்க? கையிலேயே வைங்க. ஞாயித்துக்கிழமை மட்டும் வராதீங்க."

"சாப்பாடு?"

வாங்கித் தருகிறேன் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நன்றி எதுவும் இல்லை. ஆனால் கைப்பேசியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தான். திரை மூலையில் பார்த்த அதே முகம். அண்ணன் அவன் தோளில் கைபோட்டு என் மேசைக்குக் கூட்டி வந்தார்.

"அந்த அக்கா நம்பர் குடும்மா."

"தர மாட்டேன்."

"கட்டுன புருஷன் கேக்குறாரு."

"யார் கேட்டாலும்."

"நான் சண்டைக்கு வரலைங்க. என் மனைவி சாப்பிட்டாளா இல்லையான்னு கேக்கக்கூட எனக்கு உரிமை இல்லையா?" என்றான் அவன். மிக மெதுவான குரல்.

"இல்லை," என்றேன்.

படிச்ச திமிர் என்று அண்ணன் முணுமுணுத்தார். அவன் காணொளியைத் திறந்து வரிசையில் நின்றவர்களிடம் காட்டிக்கொண்டே போனான். பார்த்ததில்லை என்றார் ஒருவர். யாரோ தெரியாது என்றார் இன்னொருவர். படத்தில் அந்தப் பெண்ணின் பக்கத்திலேயே பொட்டலத்தோடு நின்ற பெரியவரிடம் வந்தபோது அவன் குரல் மாறியது.

"அங்கிள், இது நீங்கதானே? அவ உங்க பக்கத்துல நிக்கிறா."

பெரியவர் திரையைக் கையில் வாங்கி நிதானமாகப் பார்த்தார்.

"இது நான் இல்ல தம்பி. நான் இவ்வளவு கறுப்பா?"

"சட்டைகூட இதேதான்."

"முஸ்தபா கடைக்குப் பக்கத்துல மலிவு விலையில போட்டான் லா. ஊரே போட்டிருக்கு."

சந்து முழுவதும் சிரிப்பு. அவன் முகத்திலிருந்த மென்மையெல்லாம் போய்விட்டது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். அண்ணன் அவன் தோளிலிருந்து கையை எடுத்தார். அவன் போகும்போது என் மேசையை உதைத்துவிட்டுப் போனான்.

அன்றைக்கும் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். அண்ணன் ஒன்றும் நடக்காததுபோல் கைப்பேசியை உயர்த்தி, "பொட்டலத்தைத் தூக்கிப் பிடிங்க," என்றார். பெரியவர் தன் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தார். பக்கத்தில் இருந்தவரும் பிரித்தார். குனிந்த தலைகளை மட்டும் அண்ணன் கொஞ்ச நேரம் படம் பிடித்தார், பிறகு நிறுத்தினார்.

பழைய காணொளியை நீக்கச் சொல்லி நான் திரும்பத் திரும்பப் புகார் அனுப்பினேன். அது இன்னும் அங்கேயே இருக்கிறது, கீழே கைகூப்பும் சின்னங்களோடு. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. எனக்கும் பேச எதுவும் இல்லை.

தங்குமிடத்திலிருந்து அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தது. அந்தப் பெண் அங்கே போய்விட்டார். எங்கே என்று எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன்.